துணி கட்டிய காய்

சுரைக்காயில் அப்படி என்ன ருசி இருந்துவிடப் போகிறது என்று வடக்கனந்தலில் யாரும் செவ்வந்தியிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தொலைந்தார்கள். கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, கேட்ட ஆளை அடுப்படியில் உட்காரவைத்து, ஒரு கிண்ணம் கூட்டு தின்னவைத்த பிறகுதான் விடுவாள். அடுத்த ஆடிக்கு அதே ஆள் விதை கேட்டு வாசலில் வந்து நிற்பார். ஊரில் அவளுக்கு 'சுரைக்கா செவ்வந்தி' என்றே பெயர். கேலியாக வைத்த பெயர்தான். ஆனாலும் அதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

அவள் காயும் அப்படித்தான் இருக்கும். முழங்கை நீளம், கழுத்தில் ஒரு சின்ன வளைவு, வெளிறிய பச்சை, தொட்டால் மெத்தென்று ரோமம். பால்சுரை என்பார்கள் அவர்கள் வீட்டில். கடைச்சுரை அடுப்பில் ஏறினால் தண்ணீராய் ஓடிவிடும். இது வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும், லேசாகத் தித்திக்கும்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது முந்தானை முனையில் ஒரு பிடி சுரைவிதையை முடிந்து அனுப்புவார்கள். புகுந்த வீட்டு வாசலில், நாலு பேர் பார்க்கிற இடத்தில், அவள் அதை ஊன்ற வேண்டும். கொடியில் நல்ல காயாகப் பார்த்து ஒன்றை விதைக்கென்று விட்டு, காம்பில் பழைய புடவையைக் கிழித்து ஒரு துணி கட்டிவிட வேண்டும். துணி கட்டிய காயை அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் தொட மாட்டார்கள். வீட்டில் குழம்புக்குக் காய் இல்லாத நாளிலும் தொட மாட்டார்கள்.

செவ்வந்தி அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். இந்த வருஷம் வைகாசியில் தன் ஒரே மகள் தனுஷாவை மணலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தபோதும் அப்படித்தான் அனுப்பினாள். அஜித் நல்ல பையன். அவன் அப்பா ராமசாமிக்கு ஆற்றோரம் நாலு ஏக்கர் கரும்பு. இந்தப் பக்கம் செவ்வந்தியின் புருஷன் சின்னதுரைக்குக் குத்தகை நிலம்தான். போட்ட நகை கம்மி. அது பந்தியிலேயே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா கமலா தன் சொந்தக்காரப் பெண்களிடம், "பொண்ணு மடில இன்னா கனமா தொங்குதுன்னு பாத்தேன். சொரவெதையாம்" என்று சொல்லிச் சிரித்தாள். தனுஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு நாள் சாப்ட்டுப் பாத்துட்டு சொல்லுங்க அத்த" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். புதுப்பெண் அப்படிப் பேசலாமா என்று செவ்வந்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. வண்டி ஏறுகிற நேரத்தில் மகளைத் தனியாக இழுத்து, "இத பாரு, நம்ம வூட்ட பத்தி அங்க ஒரு கொற சொல்லு வரக்கூடாது. இன்னா ஆனாலும் நீ பாத்துக்கணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த வார்த்தையை நினைத்து அவள் பின்னால் தலையில் அடித்துக்கொள்ளப் போகிறாள் என்று அன்றைக்கு யார் கண்டது?

புரட்டாசி இரண்டாம் வாரம், பக்கத்து வீட்டு எழில்மதி கையில் பாதிச் சுரைக்காயோடு வந்தாள். முகம் சரியில்லை.

"யக்கா, ஒண்ணும் நெனச்சிக்காத. இது கசக்குது."

"இன்னாது?"

"உன் வெதைதான். நாக்குல வெக்க முடியல. எம்புள்ள துப்பிட்டு அழுவுது."

செவ்வந்திக்குச் சுருக்கென்று வந்துவிட்டது கோபம். இருபத்தைந்து வருஷமாக இந்த விதையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"தண்ணி காமிக்காம கொடிய காய வுட்டுட்டு என் வெதைய கொற சொல்ல வந்துட்டியா? வெயில்ல வாடுனா எந்தக் காயா இருந்தாலும் கசக்கத்தான் செய்யும். போ, போயி நாலு கொடம் தண்ணி ஊத்து."

எழில்மதி அந்தப் பாதிக் காயைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். செவ்வந்தி அதைக் கையால்கூடத் தொடவில்லை.

மறுநாள் காலை தன் பந்தலில் முதல் காயை அறுத்தாள். சுரைக்காயை நறுக்குவதற்கு முன் காம்புப் பக்கம் நகத்தால் ஒரு சீவல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். செவ்வந்தி அதை ஒரு சடங்குபோலத்தான் செய்வாள். அவள் காய் என்றைக்குக் கசந்திருக்கிறது? வைத்தாள். வைத்த மறு நொடி காறித் துப்பினாள். தொண்டைவரைக்கும் இறங்கிவிட்டது. வேப்பிலைக் கசப்பில்லை, அது வாயோடு போய்விடும். இது வயிற்றைப் பிடித்துப் பிசைந்தது. இரண்டாவது காயை அறுத்தாள், மூன்றாவதை அறுத்தாள், வேறு கொடியில் ஒரு பிஞ்சைக் கிள்ளினாள். எல்லாமே அப்படித்தான்.

பந்தலுக்கடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் விதைக்காரி, அவளுக்குப் புரியாமல் இருக்குமா?

தப்பு போன வருஷத்து ஆடியில் நடந்தது. அதற்கு முந்தின வருஷம் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்த விதையில் வண்டு விழுந்து முக்கால்வாசி பொடியாகிப் போனது. முன்பெல்லாம் விதையைச் சுரைக்குடுக்கையில்தான் வைப்பார்கள். அதுவும் வாயில் வைக்க முடியாத பேய்ச்சுரை காய்ந்த குடுக்கை. அந்தக் கசப்புக்கு வண்டு கிட்டவே வராது. ஊர்ப்பக்கம் இப்போது அந்தக் குடுக்கை யாரிடமும் இல்லை. செவ்வந்தி விடுவாளா? பஸ் பிடித்துக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குப் போனாள். அங்கே ஒரு மலைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி நாலு பேய்ச்சுரை விதை வாங்கிவந்தாள். அவர் கொடுக்கும்போதே ஒன்று சொன்னார். நல்ல சுரை இருக்கிற பக்கம் எங்கள் ஊரில் இதைப் போட மாட்டோம், ஓடைக்கு அந்தண்டைதான் போடுவோம் என்றார். ஏதோ அவர்கள் சாமி சம்பந்தப்பட்ட விஷயம்போல என்று நினைத்துக்கொண்டு செவ்வந்தி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். முன்வாசலில் பால்சுரை, பின்வேலியில் பேய்ச்சுரை. நடுவில் ஒரு வீடே இருக்கிறதே, போதாதா என்றிருந்தது அவளுக்கு.

சுரைப்பூ பொழுது சாய்ந்துதான் விரியும். அந்நேரத்துக்கு வருகிற பூச்சிக்கு இது முன்வாசல், அது பின்வேலி என்று தெரியுமா? அங்கே உட்கார்ந்த காலோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. போன வருஷத்துக் காயெல்லாம் இனிப்பாகத்தான் இருந்தது. கசப்பு காய்க்குள் வரவில்லை, விதைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. துணி கட்டிவிட்ட மூன்று காயின் விதையையும் அவள் அருமையாகச் சாம்பலில் புரட்டி, அந்தப் பேய்ச்சுரைக் குடுக்கையிலேயே போட்டு அடைத்து வைத்தாள். அதிலிருந்துதான் ஊரில் ஆறு வீட்டுக்குக் கொடுத்தாள். அதிலிருந்துதான் தனுஷா மடியில் முடிந்தாள். பழைய விதை ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த நேரமே எழுந்து ஆறு வீட்டுக்கும் ஓடியிருக்க வேண்டும். எழில்மதி காலில் விழுந்திருக்க வேண்டும். அவள் செய்தது என்ன? அறுத்த காயை எருக்குழியில் போட்டு மூடினாள். கொடியை வேரோடு பிடுங்கினாள். மத்தியானம் சாப்பிட வந்த சின்னதுரை, "இன்னாடி, காய்க்கிற கொடிய போயி புடுங்கிட்ட?" என்றதற்கு, "வேர் அழுகிப் போச்சுங்க" என்றாள். இவ்வளவு கசப்பை எவள் சமைப்பாள், நாக்கில் வைத்ததும் தூக்கி எறிந்துவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெயர் போய்விடுமே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

ஆனால் மகளை அப்படி விட முடியுமா? சாயங்காலம் போன் போட்டாள். ஆனிக் கடைசியில் விதையை ஊன்றிவிட்டுத்தான் தனுஷா ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அஜித்தான் அந்த ஒரு மாதமும் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினான். இப்போது அவள் நாலு மாதம் முழுகாமல் இருக்கிறாள்.

"கொடி காய்ச்சிச்சாடி?"

"எட்டு காய் தொங்குதும்மா. தெருவே நின்னு பாத்துட்டுப் போவுது."

"சாப்ட்டியா? எப்பிடி இருக்குது?"

ஒரு நொடி சத்தமில்லை. பிறகு, "ஜோரா இருக்கும்மா. தித்திப்புன்னா தித்திப்பு. அத்தகூட ரெண்டாந்தரம் வாங்கி சாப்ட்டாங்க" என்றாள் தனுஷா.

செவ்வந்திக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பித்துவிட்டது! மூன்று காயில் ஒரு காய் விதையாவது கெடாமல் இருந்திருக்கிறது, அது நல்லவேளையாக மகள் மடிக்குப் போயிருக்கிறது. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள். "ஒண்ண துணி கட்டி வுடுடி, எனக்கும் வெத வேணும்" என்றாள். மகள் சரி என்றாள். நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு நொடி மௌனம் அவள் காதில் விழாமலா இருந்தது? விழுந்தது. நம்ப ஆசையாக இருந்தது, நம்பினாள்.

நாலாம் நாள் காலையில் கமலாவே போன் செய்தாள்.

"சம்பந்தி, உங்க பொண்ணுக்கு மசக்க நின்னுபோயி இப்ப மறுபடி புடிச்சிக்கிச்சு. தண்ணி குடிச்சாலும் வாந்திதான். வவுத்தாலயும் போய்க்கினே இருக்குது. ஆஸ்பத்திரிக்கு வான்னா வர மாட்டேங்குது. நீங்க ஒரு நட வந்துட்டுப் போனீங்கன்னா நல்லாருக்கும்."

"இன்னா சாப்புடறா சம்பந்திம்மா?"

"அத ஏன் கேக்கறீங்க. உங்க சொரக்காதான். எங்களுக்குக் கடைல வாங்கனத ஆக்கிப் போட்டுட்டு, வூட்டுக் காய அதுவே தனியா ஆக்கி சாப்புட்டுக்கினு இருக்குது. ஒரு வாய் குடுடின்னா, எனக்கு ஆசையா இருக்குது அத்தன்னு சொல்லுது. வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணுன்னு வுட்டுட்டோம்."

"நீங்க சாப்புடலியா?"

"நான் இதுவரிக்கும் தொட்டதே இல்ல."

செவ்வந்தி போனை வைத்தாள். கட்டியிருந்த புடவையோடு கிளம்பினாள். போகிற வழியில் எழில்மதி வீட்டு வாசலில் நின்று, "எம்மேலதான் தப்புடி. எல்லா வூட்டுலயும் சொல்லிடு, அந்தக் காய யாரும் தின்ன வேணாம்" என்று கத்திவிட்டு ஓடினாள். கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மணலூர்பேட்டைக்கு ஒரு பஸ். தியாகதுருகத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினபோது அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. வாசல் பந்தலில் ஐந்து காய் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் அதே வளைவு, அதே வெளிறிய பச்சை. பார்க்கிற கண்ணுக்கு ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே ராமசாமியும் அஜித்தும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், கமலா பரிமாறிக்கொண்டிருந்தாள். தனுஷா சுவரில் சாய்ந்து தன் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். கண் குழி விழுந்து, உதடு வெடித்து, தன் மகள்தானா என்றிருந்தது செவ்வந்திக்கு.

"வாங்க வாங்க. கை கழுவிட்டு உக்காருங்க" என்றாள் கமலா.

செவ்வந்தி கையும் கழுவவில்லை, இலைக்கும் போகவில்லை. நேராக மகள் எதிரில் உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்த கூட்டில் ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தாள். புளியும் மிளகாயும் கொட்டிக் கொட்டி ஆக்கியிருந்தாள் பாவிப் பெண். அத்தனையையும் மீறிக்கொண்டு அந்தக் கசப்பு வந்தது.

தனுஷா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். சொல்லிடாதம்மா, சொல்லிடாத என்று கண் கெஞ்சியது. பிடித்த கை சில்லிட்டிருந்தது.

செவ்வந்தி வாயிலிருந்ததைத் தரையில் துப்பினாள்.

"இது வெஷம் சம்பந்திம்மா. என் வெதை கெட்டுப்போச்சி. பேய்ச்சொரையோட கலந்துபோச்சி, நாந்தான் கலக்க வுட்டேன். நாலு நாளா எனக்குத் தெரியும், வெக்கப்பட்டுக்கினு சொல்லல. இவளுக்கு மசக்க இல்ல. இதத் தின்னுதான் வாந்தி."

கமலா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். அஜித் எழுந்து மாமியாரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். தனுஷாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ.

"ஏம்மா சொன்ன? கொடில காய வெச்சிக்கினு ஆக்கலன்னா ஏன்னு கேப்பாங்கன்னு ஆறு நாளா கண்ண மூடிக்கினு முழுங்கனேனே! ஒரு வாய் கசப்ப உன்னால முழுங்க முடியலியா?"

சொல்லி முடிக்கவில்லை, அப்படியே சரிந்தாள்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல நேரமில்லை. அஜித் ஆட்டோ கூட்டி வந்தான். கமலாதான் பின்சீட்டில் மருமகளை மடியில் போட்டுக்கொண்டாள். வழியெல்லாம், "என்கிட்ட சொன்னா இன்னாடி? நான் இன்னா உன்ன கடிச்சித் தின்னுடுவனா?" என்று கேட்டுக்கொண்டே அழுதாள். அன்றைக்குப் பந்தியில் சிரித்தது அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். செவ்வந்தி டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு போனாள். திரும்பி மகள் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். இரத்த அழுத்தம் ரொம்ப இறங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. வயிற்றிலிருக்கிற பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்கு, துடிப்பு இருக்கிறது, ஆனால் இப்போது எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டு நாள் போகட்டும் என்றார். அந்த இரண்டு நாளை எப்படித் தள்ளுவது என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை.

மறுநாள் காலை தனுஷா கண்ணைத் திறந்து பேசினாள்.

"கொடிய வெட்டிட்டாங்களாம்மா?"

"உன் மாமனாரு வெட்டிட்டாராம்."

"எல்லா காயுமா? முருங்க மரத்தாண்ட ஒண்ணு துணி கட்டி வுட்டிருந்தேனே."

செவ்வந்திக்குப் பகீரென்றது. "கசக்குதுன்னு தெரிஞ்சப்பறமா கட்டுன?"

"ஆமா."

"பைத்தியமாடி உனக்கு? அத வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

தனுஷா ஊசி குத்தாத கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"பொண்ணு பொறந்தா அது மடில முடிஞ்சனுப்ப நம்மகிட்ட வேற இன்னா இருக்குது? அத மட்டும் வெட்ட வேணான்னு சொல்லும்மா."

செவ்வந்தி எழுந்தாள். கமலாவை மகள் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்து மணலூர்பேட்டை பஸ்ஸில் ஏறினாள். ஏறி உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மகள் தின்ற கசப்பில் முதல் வாயைத் தானேதான் ஊட்டினோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நகை கம்மி என்று எவளோ சிரித்ததற்கு, ஒரு பிடி விதையில் மொத்த மானத்தையும் முடிந்து அந்தச் சின்னப் பெண் தலையில் ஏற்றி அனுப்பியவள் அவள்தானே.

வாசல் பந்தல் வெறுமையாக இருந்தது. வெட்டின கொடியும் காயும் ஒரு மூலையில் வாடிக் குவிந்து கிடந்தன. முருங்கை மரத்தில் மட்டும் ஒரு முழக் கொடித்துண்டோடு அந்தக் காய் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. ராமசாமி கையில் அரிவாளோடு பக்கத்திலேயே நின்றார்.

"இத மட்டும் என்னால வெட்ட முடியலம்மா. துணி கட்டியிருக்குது" என்றார்.

நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட துணி. மகள் வண்டி ஏறின அன்றைக்குக் கட்டியிருந்த புடவையின் முந்தானை முனை, விதை முடிந்துவிட்ட அதே முனை. கிழித்துக் கட்டியிருந்தாள். செவ்வந்தி முடிச்சை மெதுவாக அவிழ்த்து, துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குடுங்க" என்று அரிவாளை வாங்கினாள்.

காய் இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று பால் விதைகள், வரிசை பிசகாமல், அவள் பிறந்த வீட்டில் பார்த்த மாதிரியே இருந்தன. அவள் கை ஒரு கணம் நின்றது.

"பொறக்கட்டும் மொதல்ல" என்றாள் சத்தமாக. "பொறந்து, வளந்து, வெறும் மடியோட போவட்டும்."

பிறகு உட்கார்ந்து, கீழே சிதறின விதைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, அடுப்பில் போட எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.